தொக்தார் சூடாக்கிப் பார்க்காத சென்சார்

கரகந்தாவில் எங்கள் பக்கம் யார் வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் மக்கர் பண்ணினாலும் என் வீட்டுக்காரர் தொக்தாரைத்தான் கூப்பிடுவார்கள். கை சுத்தம். வாய்தான் அவசரம். பெரியவர்கள் எதிரே உட்கார்ந்துவிட்டால் அவர்கள் காதுக்கு இனிப்பாக எதையாவது சொல்லித் தொலைப்பார்.

கனிபா அம்மா வீட்டிலும் அதுதான் நடந்தது. விருந்தில் வைத்த கிண்ணங்களில் ஆட்டுக் கொழுப்பு வெள்ளையாக ஒட்டியிருக்க, மானம் போயிற்று என்று அந்த அம்மாள் குதித்தாளாம். இவர் மெஷினைக் கழற்றி, தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் சென்சாரில் மீட்டரை வைத்தார். ஆறிக் கிடந்த சென்சார் சரியான எண்ணைத்தான் காட்டியது. சூடாக்கியும் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

"மெஷின்ல கோளாறு இல்லம்மா. அடுக்குற கையிலதான்" என்று சிரித்திருக்கிறார்.

அடுக்கியவள் மருமகள் மரால். அந்த நேரம் இவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் வழக்கத்தில் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம். திரும்பத் திரும்ப ஊற்றுவதுதான் மரியாதை. நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் அவள் பாதிக் கிண்ணமே ஊற்றினாள்.

"மெக்கானிக்கே சொல்லிட்டான், உன் லட்சணத்தை!" என்று மாமியார் தினமும் குத்த, கட்டினவனும் வாயைத் திறக்காமலிருக்க, மரால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு கனிபா அம்மாளே தன் கையால் அடுக்கினாள். அதே கொழுப்பு!

மறுபடி போனவர், இந்தத் தடவை குடித்து மீந்த தேநீரில் சென்சாரை முக்கினார். வெதுவெதுப்பான தேநீருக்கே அது கொதிநீரின் எண்ணைக் காட்டியது. அதை நம்பித்தான் மெஷின் பாதியிலேயே சூடாக்குவதை நிறுத்தியிருக்கிறது. கொழுப்பு எப்படிக் கரையும்? புது சென்சார் மாட்டிவிட்டு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை.

"ஒரு கிண்ணம் சூடான டீயில முக்கியிருந்தா போதும்டி, அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு கையில வச்சுக்கிட்டு என் பக்கத்துலயே நின்னா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கிட்ட ஏன் புலம்புறீங்க? அவகிட்ட போய்ச் சொல்லுங்க!"

தெமிர்தாவில் இருக்கும் அவள் தாய் வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். இவர் தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"தப்பு என்னோடதும்மா. உன் மாமியாருக்கும் தெரிஞ்சுபோச்சு. கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

மரால் பொறுமையாகக் கேட்டாள்.

"மெஷினைச் சரி பண்ணிட்டீங்கல்ல, அண்ணே?"

"பண்ணிட்டேன்மா."

"அப்புறம் நான் எதுக்கு அங்க?"

தேநீர்ப் பாத்திரத்தை எடுத்தாள். எனக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றினாள். இவருக்கு விளிம்பு வரை ஊற்றி, சிந்தாமல் இரண்டு கையாலும் நீட்டினாள்.

இவர் ஆறக்கூட விடாமல் குடித்துவிட்டு எழுந்தார்.