காளியம்மாவின் பானை

பவானேஸ்வரி யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாதவள். நியாலாஸ் ரப்பர் தோட்டத்தில் பாதியிலேயே பள்ளியை விட்டவள், இப்போது புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறாள். அங்கே அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் வானொலிச் சிரிப்பு நடிகர் மருதமுத்துவுக்கு ஜாசின் மண்டபத்தில் நினைவு நிகழ்ச்சி என்று தெரிந்ததும், அதில் அவராக நடிக்கப் போகும் தனபாலன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“அண்ணே, காளியம்மாவுக்கு நான் தட்டுறேன்.”

மருதமுத்துவின் நாடகங்களில் அவர் பேசிக்கொண்டே இருப்பார். மனைவி காளியம்மா வாயே திறக்க மாட்டாள். பானையைத் தட்டித்தான் பதில். ஒரு முறை தட்டினால் சம்மதம். மூன்று முறை தட்டினால் மருதமுத்துவுக்கு அன்று சோறு கிடையாது. பேசாமலேயே ஒருத்தி வீட்டை ஆளுகிறாளே என்று சின்ன வயதில் பவானேஸ்வரிக்கு அவள்மேல் அப்படியொரு ஆசை.

கணீரென்று ஒலிக்க வேண்டுமே என்று, கல்யாணச் சீராக வந்த பித்தளைப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். மேடைத் திரைக்குப் பின்னால் மைக் பக்கத்தில் வைத்துவிட்டு, முன்னால் போய் உட்கார்ந்தாள்.

சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். கூடவே ஒரு பஸ் நிறைய ஆட்களும் வந்தார்கள். பொன்னாடை, உரை, மறுபடியும் பொன்னாடை. எல்லாம் முடிந்து அவள் திரைக்குப் பின்னால் ஓடினால், பானை நிறையப் பாயசம்.

“அக்கா, யாரு இத ஊத்துனது?”

“நான்தான்,” என்றார் பந்தியைக் கவனிக்கும் பெரியநாயகி. “ஆளு கூடிப்போச்சுலா, பாத்திரம் பத்தல. இது பளபளன்னு சும்மா இருந்துச்சு. விருந்து நாள்ல யாராச்சும் பானைய வெறுமனே வைப்பாங்களா?”

மாற்றி ஊற்ற ஒரு வாளிகூட இல்லை. மேடையில் தனபாலன் தொடங்கிவிட்டார்.

“காளியம்மா, கூட்டாளிங்க நாலு பேரு சாப்பிட வர்றாங்க. சரிதானே?”

கரண்டியால் மூன்று முறை தட்டினாள். தொப், தொப், தொப். யாரும் சிரிக்கவில்லை. ஊர்கூடிய இடத்தில் காளியம்மாவை ஊமையாக்கிவிட்டோமே என்று பட்டது பவானேஸ்வரிக்கு.

தனபாலன் திரைப் பக்கம் திரும்பினார். “என்னடி, தொண்ட கட்டிக்கிச்சா?”

ஒத்திகையில் இல்லாத கேள்வி. அங்கங்கே சிரிப்பு. காளியம்மாவாக இருந்தால் என்ன செய்திருப்பாள்? பவானேஸ்வரி பந்திக்கு அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துப் பாயசத்தில் முக்கினாள். மைக்கை ஒட்டி நின்று மடக் மடக்கென்று குடித்தாள். நாக்கு சுட்டது. காலி டம்ளரைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் அடித்தாள்.

டங், டங், டங்.

மண்டபம் குலுங்கியது. சிரிப்பு அடங்கும்வரை தனபாலன் காத்திருந்து, “இப்ப நல்லாவே கேக்குது தாயி. கூட்டாளிங்கள கடையிலயே சாப்பிடச் சொல்லிடுறேன்,” என்றார்.

பந்தியில் பெரியநாயகி அதே பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?”

பவானேஸ்வரி தலை நிமிராமல் டம்ளரை விரலால் ஒரு முறை தட்டினாள்.