பாவ மார்க் வேண்டாம்

அமெரிக்காவின் கெண்டக்கி மலைப்பக்கத்தில் லாரி ஓட்டுகிறவரின் மகள் வெர்லீன் டாக்கெட். கையில் காசில்லாத பிள்ளைகளுக்கான கல்லூரி ஒன்றில் தத்துவம் படித்தாள். அங்கே கட்டணம் கிடையாது. வாரம் பதினைந்து மணி நேரம் உழைக்க வேண்டும். வேலையில் தோற்றாலும் வெளியே, பாடத்தில் தோற்றாலும் வெளியே. வெர்லீனுக்குக் குழாய் வேலை. கடைசி வருடத்தில் குழாய் வேலை பார்க்கும் மாணவர் குழுவுக்கே தலைவி.

தர்க்கப் பாடத்தின் இறுதித் தேர்வன்று காலை, நூலகத்தின் அடியில் கழிவுநீர்க் குழாய் உடைந்தது. புத்தகக் கிடங்கின் வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது.

"நீ கிளம்பு. பரீட்சைல கோட்டை விட்டா மூட்டை கட்ட வேண்டியதுதான்," என்றான் ஒரு மாதம் முன்பு குழுவில் சேர்ந்த டுவைட்.

"நான் கிளம்பினா நீ குழாயைக் கோணலா அறுத்து வைப்ப. லைட்டைப் புடிடா."

உடைந்த துண்டை அறுத்தெடுத்துப் புதியதைப் பொருத்தி முடித்தபோது, தேர்வு தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. முழங்கால்வரை அழுக்கோடு அப்படியே தேர்வறைக்குள் நுழைந்தாள்.

பேராசிரியர் ஹால்வர்சன் அந்த வருடம்தான் வேறு ஊரிலிருந்து வந்தவர். மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"என்னம்மா இது கோலம்? போய்க் குளி. நல்லாப் படிக்கிற பொண்ணு நீ, பாஸ் மார்க் போட்டுடறேன்."

"எழுதாத பரீட்சைக்கு எதுக்கு சார் மார்க்?"

"பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டு..."

"பாவமெல்லாம் பாக்காதீங்க. இங்க வேலையும் படிப்புதான். அவசர வேலைல போன நேரத்தைத் திருப்பித் தரணும்னு விதியிருக்கு. எனக்கு நாப்பது நிமிஷம் வரணும்."

"பன்னெண்டு மணிக்கு நான் சாப்பிடப் போகணுமே."

"நான் இன்னும் காலைச் சாப்பாடே சாப்பிடல, சார்."

கல்லூரிப் பன்றிக் கொட்டகையில் வேலை பார்க்கும் மாணவி ஒருத்தி பின்வரிசையில் நகர்ந்து இடம் விட்டாள். "இங்க வா வெர்லீன். என் நாத்தத்துக்கு உன் நாத்தம் தேவலாம்."

எல்லாரும் எழுதிவிட்டுப் போனார்கள். வெர்லீன் எழுதிக்கொண்டிருந்தாள். ஹால்வர்சன் பசியோடு உட்கார்ந்திருந்தார். கடைசி நிமிடம் தீர்ந்த பிறகுதான் விடைத்தாளை நீட்டினாள்.

எழுபத்தொன்று வாங்கினாள். பெரிய மதிப்பெண் இல்லை, ஆனால் அவள் எழுதி வாங்கியது.

இப்போது அதே கல்லூரியில் குழாய்ப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. தேர்வு நாளில் மாணவர்களை அவசர வேலைக்கு அனுப்ப நேர்ந்தால் முதலில் ஆசிரியருக்குப் போன் செய்வாள். அனுமதி கேட்பதில்லை.

"உங்க பிள்ளை ஒண்ணு என்கிட்ட இருக்கு. ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை எடுத்து வைங்க."