அவன் இப்படிச் சொன்னால்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பதில்தான் போடலாம். அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். அதற்கு முன்பு சோழர் கடற்படை பற்றி ஞாயிறு காலையில் தொடங்கிய ஒரு பேச்சு, மதியச் சாப்பாட்டுக்குள் சாதிச் சண்டையாக மாறி, நான்கு பேர் குழுவை விட்டே வெளியேறியிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு பதில் என்றால் யோசித்து எழுதுவார்கள் என்று நினைத்தேன். ஓரளவு அப்படித்தான் நடந்தது.

குழுவில் பெரும்பாலோர் என்னைப் போல வேலைக்காக பெங்களூருக்கு வந்தவர்கள். சிலர் நான்கைந்து தலைமுறையாக இங்கே பழைய ராணுவப் பகுதியிலேயே இருக்கும் கண்டோன்மெண்ட் தமிழர்கள். வரலாறு, தத்துவம் இரண்டுதான் எங்கள் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஒரு தலைப்பு வைப்போம். சனிக்கிழமை நான் ஒரு தொகுப்பு போடுவேன்: யார், என்றைக்கு, எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு, என்ன சொன்னார். யாரும் கேட்டுக்கொண்டு செய்த வேலை இல்லை. தேதி இல்லாத எதையும் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். இந்த நினைவுகளில் மட்டும் தேதிகளைத் தவிர்த்திருக்கிறேன், இதில் வரும் ஒரு வீட்டாருக்காக. என் குறிப்பேட்டில் எல்லாம் இருக்கின்றன.

அந்த வாரத் தலைப்பு: எழுதி வைக்கப்படாத கடந்த காலத்தை வரலாறு என்று சொல்லலாமா? சொல்ல முடியாது, அது வெறும் ஞாபகம் என்று நான் தொடங்கினேன். மறுநாள் மாலை ஆறு நாற்பதுக்கு ஒரு பதில் வந்தது. எழுதியவர் விவேக் நகர்க்காரர், அடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர் என்பது மட்டும் தெரியும். முகப்புப் படத்தில் ஆள் இல்லை, ஒரு ஸ்டீல் டம்ளர் இருந்தது.

"என் தாத்தாவின் அப்பா அல்சூர் பக்கம் பட்டாளத்துக்குக் கல் உடைத்தார். அந்தக் கல்லில் கட்டிய கட்டடத்தில் திறப்பு விழா தேதி பொறித்திருக்கிறது. கட்டச் சொன்ன வெள்ளைக்காரர் பெயரும் இருக்கிறது. கட்டச் சொன்னவர் வரலாறு, கல் உடைத்தவர் ஞாபகம். அப்படித்தானே, தேதிக்காரரே?"

அன்றிலிருந்து குழுவில் என் பெயர் தேதிக்காரர். இரக்கத்தை வைத்து வரலாறு எழுத முடியாது, சான்று வேண்டும் என்று நான் எழுதினேன். சான்றை வைத்துக்கொள்ளப் பெட்டி இருந்தவர்களிடம்தான் சான்று இருக்கும் என்று அவர் எழுதினார். ஒரு வாரத்துக்கு என்று வைத்த தலைப்பு இரண்டாம் வாரத்துக்குப் போனது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஐந்து நாள் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஆறாம் நாள் பதில் வந்தது. அந்த வாரத் தொகுப்பில் நான் எழுதிய வரி இது: "ஐந்து நாள் ஓய்வுக்குப் பின் ஐயா புத்துணர்ச்சியோடு திரும்பினார்."

திரும்பியவரிடம் ஏதோ மாறியிருந்தது. மாலையில் வந்துகொண்டிருந்த பதில்கள் இப்போது காலை பதினோரு மணிக்கு வந்தன. நான் ஒன்று கேட்டால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொன்னார். நாட்டார் பாடல்களைப் பற்றிக் கேட்டேன், அரசாங்கக் கெஜட்டைப் பற்றிச் சொன்னார். நழுவுகிறார் என்று முடிவு கட்டினேன். நான்காம் வாரத்தில் ஒரு நாள் இப்படிப் போட்டேன்: "ஐயாவுக்குக் கேள்வி புரியவில்லையா, பதில் கைவசம் இல்லையா?"

சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு பையன், "ஐயா ஆட்டோ பைலட்ல போயிட்டு இருக்காரு, டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்று எழுதினான். நானும் அதற்கு ஒரு மஞ்சள் முகம் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் எண்ணிலிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "தம்பி, சனிக்கிழமை வீட்டுக்கு வர முடியுமா? நேர்ல ஒண்ணு சொல்லணும்." கீழே முகவரி. அவர் ஒருநாளும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. சமாதானத்துக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் அடுகோடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். கையில் கண்டோன்மெண்டின் பழைய வரைபடம் ஒன்றின் நகல் இருந்தது. அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுத்தாலும், அதிலும் என் வாதத்துக்கு ஒரு சான்று இருந்தது. கோவிலைத் தாண்டி இரண்டாவது சந்து, மாடி வீடு. அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கதவைத் திறந்தார்.

"நீங்கதான் தேதிக்காரரா?"

"ஆமாம்மா. ஐயா இருக்காரா?"

"உள்ள வாங்க மொதல்ல. செருப்பெல்லாம் பரவால்ல."

ஃபிரிட்ஜின் மேல் ஒரு படம். பிளாஸ்டிக் மாலை, சின்ன சிவப்பு பல்பு. கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு மனிதர் கேமராவைப் பார்த்து, ஏதோ மடக்கிக் கேட்கப் போகிறவர் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"எப்பம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பாத்தீங்களா, மொத கேள்வியே தேதி! அவரு சொல்லிக்கினே இருப்பாரு, அந்த ஆளு சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு இது எந்த வருசம் கட்டினதுன்னு கேப்பான்னு."

தேதியைச் சொன்னார். ஐந்து நாள் ஓய்வு என்று நான் எழுதினேனே, அதில் முதல் நாள். மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். இருபத்துநான்கு நாள் ஆகியிருந்தது. அதற்குள் அவர் பதினாறு பதில் போட்டிருந்தார். பதினாறுக்கும் நான் மறுப்பு எழுதியிருந்தேன்.

"அப்ப இத்தனை நாளா..."

"நான்தான். முன்னாடியும் நான்தான் அடிப்பேன். அவருக்கு ரெண்டு வெரலு லேத்துல போச்சு, போன்ல எங்க வெச்சாலும் வேற எழுத்து விழும். நான் ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்தவ. அவரு நோட்டுல எழுதி வெச்சுப் படிப்பாரு, நான் அடிப்பேன். இப்ப சமையல் முடிச்சு பதினோரு மணிக்கு உக்காருவேன்."

நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நீளமான, கோடு போடாத நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பெரிய எழுத்தில் 'அவன் இப்படிச் சொன்னால்' என்று இருந்தது. அதன் கீழே நான் சொல்லக்கூடிய ஒரு வாதம். அதற்குக் கீழே அவருடைய பதில். ஒரு நாளைக்கு ஒரு பதில்தான் என்று நான் விதி போட்டதால், மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்து என்னை யோசித்திருக்கிறார்.

"நீங்க சொல்றதுக்குப் பொருந்தற பக்கம் எதுன்னு தேடுவேன். சில நாளு கெடைக்கும். கெடைக்காதப்ப கிட்டத்தட்ட இருக்கறதப் போட்டுடுவேன்" என்றார் அந்த அம்மா.

ஒரு பக்கத்தைத் திருப்பினேன். 'அவன் இப்படிச் சொன்னால்: ஞாபகம் ஆளுக்கு ஆள் மாறும். யாருடைய ஞாபகத்தை நம்புவது?' என் சட்டைப் பையிலிருந்த போனில், மறுநாள் போடுவதற்காக எழுதி வைத்திருந்த வரி ஏறக்குறைய அதேதான். நோட்டை மூடினேன்.

"குழுவில சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா என்னா பண்ணுவீங்க? ஆளுக்கு ஒரு கும்பிடற கை போடுவீங்க. மூணு மணி நேரம். அப்புறம் அடுத்த பேச்சுக்குப் போயிடுவீங்க. எனக்கு அவரு பேசிக்கினு இருக்கணும்." படத்தின் மாலையைச் சரிசெய்தார். "அன்னிக்கி சிரிச்சீங்களே எல்லாரும். எண்ணினேன், இருபத்தோரு மூஞ்சி. உங்களோடதும் சேத்து. உங்களுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமில்ல, யாரப் பாத்து சிரிக்கறீங்கன்னு?"

நோட்டை அவரிடம் நீட்டினேன்.

"இன்னும் ஒம்பது பக்கம் இருக்கு. ஒரு உதவி பண்ணுங்க. பக்கத்து மேல எழுதியிருக்கறத காலையில அனுப்பறேன். அத நீங்க கேளுங்க. அவரு பதில் சரியா பொருந்திடும். முட்டாளாட்டம் தெரியமாட்டாரு."

"அது பொய்யாயிடுமேம்மா. நான் பதிவு பண்றவன்."

"எது பொய்? அவரு எழுதினதா, நீங்க சிரிச்சதா?"

வரைபடத்தை அவரிடம் கொடுக்காமலே திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை எட்டு பத்துக்கு முதல் தலைப்பு வந்தது. அதை அப்படியே நகலெடுத்துக் குழுவில் என் பெயரில் போட்டேன். பதினோரு மணிக்கு வீட்டில் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வந்தது. யாருடைய விரல்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஃபிரிட்ஜின் மேலிருந்த அந்தச் சிரிப்பு எதிரே வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது.

பதில் கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. "இப்பதான் உண்மையான விவாதம்" என்றார்கள். ஆட்டோ பைலட் என்று எழுதிய பையனே, "சாரி ஐயா, செம அடி" என்று போட்டான். யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு: அவர் எழுதி வைத்த நான், என்னைவிடக் கெட்டிக்காரனாக இருந்தேன். எனக்குத் தோன்றாத எதிர்க்கேள்விகளெல்லாம் அவனுக்குத் தோன்றின. அவன் கொஞ்சம் திமிராகவும் பேசினான். அவன் கேள்வியை அனுப்பிவிட்டு, அந்த வீட்டில் என் குரல் இப்படித்தான் ஒலித்ததா என்று யோசிப்பேன். வேறு யாரிடமும் எதை எழுதினாலும், அனுப்புவதற்கு முன்னால், இதற்கும் ஒரு பக்கம் இருக்குமோ என்று கை நிற்கும். வீட்டில் மனைவியிடம் பேசும்போதுகூட அப்படி நின்றது.

எட்டு நாள் முடிந்தது. ஒன்பதாம் நாள் தலைப்புக்குப் பதிலாக ஒரு போட்டோ வந்தது. கூடவே, "இது கடைசி. இதுக்கு அவரு பதில் எழுதல. இத சொல்லுங்கன்னு நான் கேக்கமாட்டேன். உங்க இஷ்டம்."

போட்டோவில் அவர் கையெழுத்து. 'அவன் இப்படிச் சொன்னால்: நீங்கள் சொல்வது சரி.' கீழே பேனாவை வைத்து எடுத்த ஒரு புள்ளி. மற்றபடி வெற்றுத்தாள்.

இரண்டு நாள் குழுவில் எதுவும் எழுதவில்லை. தேதிக்காரர் ஓடிவிட்டார் என்று கேலி செய்தார்கள். நான் என் பழைய தொகுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். பெயர், நாள், மணி, நிமிடம், சொன்ன சொல், எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. நூறு வருடம் கழித்து யாராவது படித்தால், அந்த மனிதர் அந்த நாள்களில் உயிரோடு இருந்தார் என்று சத்தியம் செய்வார்கள். என் சான்று அவ்வளவு பலமானது. நடந்தது என்ன என்பதோ ஒரு மாடி வீட்டில் ஒரு பெண்ணின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது. கல் உடைத்தவரைப் பற்றி அவர் எழுதியதை மறுபடி படித்தேன். சரிதான் என்று தோன்றியது. அவருக்காகத் தோன்றியதா, உண்மையாகவே தோன்றியதா என்று பல தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். பிறகு, மாலை ஆறு நாற்பதுக்கு, அந்த வரியை அனுப்பினேன். நீங்கள் சொல்வது சரி.

குழு முழுவதும் அவருடைய பதிலுக்குக் காத்திருந்தது. மறுநாள் பதினோரு மணி தாண்டியும் ஒன்றும் வரவில்லை. "ஐயா, ஜெயிச்சுட்டு எங்க போனீங்க? பார்ட்டி எப்போ?" என்று ஒருவர் கேட்டார். மதியம் அந்த அம்மா, "இனிமே சொல்லிடுங்க" என்று எழுதினார். ஐயா இறந்த செய்தியை உண்மையான தேதியோடு போட்டேன்.

முதலில் கும்பிடும் கைகள். பிறகு ஒருவர் நாள்களை எண்ணிப் பார்த்துவிட்டார். "அப்ப நாங்க இவ்வளவு நாளா யார்கிட்ட பேசினோம்?" நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு சிலர் ஏமாற்று வேலை என்று கோபித்து வெளியேறினார்கள். மற்றவர்கள், செத்தவர் சொன்ன பதில் பதில்தானா, கேட்பதற்கு முன்பே எழுதிய பதிலுக்கு எந்த நாளைப் போடுவது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். விதியை யாரும் மதிக்கவில்லை. ஒரே நாளில் ஐம்பது பதில்கூட வந்தது. நான் தடுக்கவில்லை.

செய்தி போட்ட எட்டாம் நாள் அந்த அம்மா எனக்கு எழுதினார். "மூணு மணி நேரம்னு சொன்னேன். இன்னும் அவரப் பத்திதான் அடிச்சுக்கறாங்க. குஷியா இருந்திருக்கும் அவருக்கு. நம்பர நிறுத்தறேன் தம்பி." சற்று நேரத்தில் ஐயாவின் பெயர் குழுவிலிருந்து விலகியது.

தொகுப்பைத் திருத்த வேண்டும் என்று கேட்டார்கள். அவர் இறந்த பிறகு வந்த பதில்கள் எல்லாவற்றையும் நீக்கச் சொன்னார்கள். நீக்கவில்லை. அவர் எழுதியவை, மனைவி அனுப்பினார், எழுதிய நாள் தெரியாது என்று மேலே குறித்து அவர் பெயரிலேயே விட்டேன். அந்த எட்டு நாள் நான் கேட்ட கேள்விகளுக்கு நேராக இருந்த என் பெயரைத்தான் நீக்கி, அவர் பெயரைப் போட்டேன். அவையும் அவர் எழுதியவை. இப்போது அந்தத் தொகுப்பை எடுத்துப் பார்த்தால், அந்த எட்டு நாளும் கேள்விக்கும் அவர் பெயர்தான், பதிலுக்கும் அவர் பெயர்தான். நான் அதில் எங்கும் இல்லை.

கடைசி வரியை மட்டும், நாளும் மணியும் போட்டு, என் பெயரில் வைத்துக்கொண்டேன்.