மடத்து பீருக்குப் போன கறுத்த வெல்லம்

நம்மூரில் கற்கண்டு கல்யாண வரவேற்பில் பன்னீர்ச்செம்புக்குப் பக்கத்தில் இருக்கும். நான் பிழைக்க வந்த பெல்ஜியத்தில், கென்ட் நகரில், அதை பீர் காய்ச்ச வாங்குகிறார்கள். கடையில் பக்கத்து வீட்டு லூக் பழுப்புக் கற்கண்டை அள்ளி அள்ளிக் கூடையில் போட்டதைப் பார்த்து, வீட்டில் விசேஷமா என்று கேட்டுவிட்டேன். "டுபெல்" என்றார். ஏதோ பண்டிகை போலிருக்கிறது என்று வாழ்த்தும் சொன்னேன்.

அது துறவிகளின் மடங்களில் பிறந்த கறுத்த பீர் என்று அவர் பீர் காய்ச்சும் கார் கொட்டகையில்தான் தெரிந்துகொண்டேன். முளைகட்டிய பார்லியின் மால்ட்டுச் சாற்றோடு சர்க்கரை சேர்த்தால் ஈஸ்ட் அதை முழுசாகத் தின்றுவிடுமாம். பீருக்கு வீரியம் ஏறும், குடிக்கக் கனக்காது. வெள்ளைச் சர்க்கரையால் அவ்வளவுதான் முடியும். நிறமும் உலர்திராட்சை வாசமும் வேண்டுமென்றால் கருகக் காய்ச்சிய சர்க்கரை வேண்டும். லூக் தன்னிடமிருந்த சர்க்கரைகளை ஒவ்வொன்றாக ருசிக்கக் கொடுத்தார். கரும்பாலை வீட்டில் பிறந்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்கள் வெல்லத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை" என்று சவடால் விட்டேன். "வரவழை. அடுத்த பீர் உன் சர்க்கரையில்தான்" என்றார்.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் ஆலை. அங்கே இரண்டு வெல்லம் உண்டு. ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு மருந்தைத் தூவி வெளுக்கவைத்த மஞ்சள் வெல்லம் மண்டிக்குப் போகும். எதுவும் போடாத கறுத்த வெல்லம் வீட்டுக்கு. அதை வெளியாள் கண்ணில் காட்டமாட்டார்கள்.

வெல்லம் வேண்டும் என்று மட்டும் அண்ணனிடம் சொன்னேன். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய, எங்கள் பக்கத்துப் போடிக்காரர் ஒருவர் கையில் அண்ணன் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தேன். பளீரென்று மஞ்சள். லூக் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இனிப்பு இருக்கிறது. வேறென்ன இருக்கிறது?" என்றார். மானம் போயிற்று. அதைவிட, வெளியாளுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடுத்துவிட்டாரே என்றுதான் நெஞ்சு வலித்தது. அன்றைக்கே போன் போட்டேன்.

"ஏலே, சீமைக்குப் போறதுன்னு பொறுக்கிப் பொறுக்கிக் கட்டுனேன். கறுப்பக் குடுத்துவிட்டா நாலு பேரு என்னா நெனப்பாக?"

"நம்ம வீட்டுல திங்கிறதுதான்ணே வேணும். பீரு காச்சுறதுக்கு."

"அடப்பாவி! ஊறல் போடுறவனுக்கு இதுவரைக்கும் ஒரு துண்டு வெல்லம் வித்ததில்ல நான். ஒன்னய இஞ்சினியருக்குப் படிக்க வச்சது சாராயம் காச்சவா?"

"இங்கன தப்பில்லண்ணே. மடத்துச் சாமியாருகளே காச்சுறாக."

"சாமியாருகளா!" என்றவர் போனை வைத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. அண்ணனின் பழைய வேட்டித் துணிக்குள் கன்னங்கரேலென்று வீட்டு வெல்லம். சத்தியமாக அழுதுவிட்டேன்.

கொதிக்கும் சாற்றில் அதைப் போட்டபோது லூக்கின் கொட்டகை முழுக்க எங்கள் ஆலை வாசம். பாட்டிலில் அடைத்து, பொறுத்திருந்து திறந்த நாளில், லூக் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "யார் செய்த சர்க்கரை இது?" "என் அண்ணன்" என்றேன். ருசிக்க வந்திருந்த அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் எழுந்து நின்று, பார்த்தேயிராத என் அண்ணனுக்காகக் கோப்பையை உயர்த்தினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நம்ம வெல்லம்னு சொன்னியா?" என்றார் அண்ணன் போனில்.

"சொன்னேன்ணே. எந்திரிச்சு நின்னாக."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஒம் மதினிகிட்ட மடத்துக்குன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். நீயும் அப்பிடியே சொல்லு."

இப்போது என் அலமாரியிலும் இரண்டு வெல்லம். ஊரிலிருந்து விருந்தாளி யாராவது வந்தால், முன்னால் இருக்கும் மஞ்சளைத் தட்டிப்போட்டுக் காப்பி கொடுக்கிறேன். லூக் வந்தால் உள்ளே கைவிட்டுக் கறுப்பை எடுக்கிறேன்.