குற்றாலத்தில் காய்ந்த துண்டு

சாரல் காலத்தில், குற்றாலத்தில் ஒரு துண்டு காய்ந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் சந்தேகப்பட்டேன். திட்டு வாங்கினேன்.

போன வாரம் நடந்தது. பக்கத்திலேயே தென்காசியில் குடியிருந்துகொண்டு குற்றாலத்தில் ரூம் எடுத்துத் தங்குகிற ஆசாமி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எல்லாம் மனைவியின் ஆசை. அருவியில் குளித்த கையோடு பஸ்ஸுக்கு ஓடக் கூடாதாம்!

புது லாட்ஜ். இந்த சீஸனுக்குத்தான் திறந்திருக்கிறார்கள். சுவருக்குள்ளேயே வயரைப் புதைத்து எலெக்ட்ரிக் விளக்கு. வெளியே சாரல் — சட்டை, தலையணை, தீப்பெட்டி எல்லாம் நமுத்துக் கிடக்கின்றன. எங்கள் அறை ஸ்விட்ச் பக்கத்தில் மாட்டிய துண்டு மட்டும் மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிட்டது.

விஷயம் பரவி, இருட்டுவதற்குள் பக்கத்து அறைக்காரர்கள் கோவணம் வரைக்கும் கொண்டுவந்து மாட்டினார்கள். "ராசியான ரூம் சார்!" என்றார் ஒருவர். நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். இதமான சூடு... ஊரே குளிரும்போது சுவர் மட்டும் ஏன் சுட வேண்டும்?

"எதை எடுத்தாலும் சந்தேகந்தானா? பிள்ளைக்குச் சளி. கதகதப்பா இருக்கட்டும்னு அங்கன ஒட்டிப் படுக்கப் போட்டிருக்கேன். சும்மா இருங்க" என்றாள் மனைவி.

பார்த்தேன். மகள் சுவரில் முதுகை ஒட்டித் தூங்குகிறாள். அவளைத் தூக்கி மனைவி மடியில் போட்டுவிட்டு மானேஜரிடம் ஓடினேன்.

அவர் சிரித்தார். "அண்ணாச்சி, திறக்கதுக்கு முந்தியே வெள்ளோட்டம் பாத்தாச்சு. கடைசி ரெண்டு நாளும் விளக்கு ஒரு தடவ கூட அணையல."

இந்த ஈரத்திலா? ஒரு தடவை கூடவா? என் சந்தேகம் இரட்டிப்பானது. வயர்மேனைக் கூப்பிடச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அது வந்து அண்ணாச்சி... முதல்ல சும்மா சும்மா ஃப்யூஸ் போய்க்கிட்டே இருந்துது. முதலாளி ஏசுதாரு. டெஸ்டிங்குதானேன்னு தடிச்ச கம்பியா ஒண்ணு போட்டேன். பொறவு போகவே இல்ல."

"டெஸ்டிங் முடிஞ்சு மாத்தினீரா?"

"சீஸன் வந்துட்டுதுல்லா..."

எப்படி இருக்கிறது கதை? ஃப்யூஸ் போவது ஒரு எச்சரிக்கை. உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம். வெள்ளோட்டம் விடுவதே அதைத் தெரிந்துகொள்ளத்தான். நம் ஆட்களோ எச்சரிக்கையின் வாயைப் பொத்திவிட்டு, பரீட்சை பாஸ் என்கிறார்கள்! ‘டெஸ்டிங்குதானே’ என்று போட்ட கம்பி டெஸ்டிங்கோடு கழன்றதாக எங்காவது உண்டா? இனிமேல் ஒரு குறையும் இல்லை என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் அவர் மேல்தான் சந்தேகம் வரும்.

"சரியான கம்பியைப் போடும்வே" என்றேன். போட்டார். மெயினைப் போட்டார். படக்! ஃப்யூஸ் போய், எங்கள் மாடி முழுக்க இருட்டு.

டார்ச் வெளிச்சத்தில் எங்கள் ஸ்விட்ச் பலகையைக் கழற்றினார். வயரின் மேலுறை கருகி உதிர்ந்தது. பலகையின் பின்பக்கம் கரியாகியிருந்தது. பிள்ளை தலை வைத்திருந்த இடத்துக்கு நேர் மேலே! வயர்மேன் முகத்தில் ஈயாடவில்லை.

வராந்தாவில் ஒரே கூச்சல். "கரண்ட் எப்பம்வே வரும்?"

மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் மனைவி உள்ளேயிருந்தே கத்தினாள்: "வரவே வேண்டாம்!"

கரண்ட் போனதற்காக அன்று குற்றாலத்தில் சாமி கும்பிட்ட குடும்பம் எங்களுடையது ஒன்றுதான்.