மேசைக்குக் கீழே இருந்த கால்

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்தவர்கூட இல்லை. குழாய், கைகழுவும் தொட்டி, கழிப்பறைப் பீங்கான் விற்கும் கடையில் பாதி ஆயுள் நின்றே வேலை பார்த்தவர். ஒருநாள் தொட்டி ஒன்று கைநழுவி அவருடைய இடது கால் பெருவிரலில் விழுந்தது. நகம் போனது போனதுதான், விரலும் கோணிக்கொண்டது. கடை முதலாளி ஓடிவந்து, முதலில் தொட்டியில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாராம்.

குரலை மட்டும் மாமாவுக்குக் கடவுள் அள்ளிக் கொடுத்திருந்தார். இந்தக் குழாய் சொட்டாது என்று அவர் சொன்னால் சொட்டுகிற குழாயும் நின்றுவிடும். குளியலறைக்குச் சாமான் வாங்க வந்த ஒரு டிவி இயக்குநர் அந்தக் குரலில் மயங்கி, குழாயோடு மாமாவையும் சேர்த்துக் கொண்டுபோனார்.

அவர் எடுத்தது ராணுவத் தொடர், மாமாவுக்கு அதில் கர்னல் வேஷம். அதிகாரிகள் நாலைந்து பேர் ஓர் அறையில் கூடி, எதிரி நாட்டுக்குள் ரகசியமாக ஆள் அனுப்பத் திட்டம் போடுவார்கள். போட்டுக்கொண்டே இருப்பார்கள். போன ஆள் அங்கே என்ன செய்தான் என்று காட்டக் கம்பெனிக்கு வக்கில்லை. ஃபோன் வரும், மாமா எடுத்து "ம்" என்பார், பாலம் தகர்ந்துவிட்டது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

நான் டெலிவரி வேன் ஓட்டுகிறவன். வேலை இல்லாத நாளில் மாமாவைப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோய் விடுவேன். பழைய குளிர்பானக் கிடங்கு ஒன்றுதான் ராணுவத் தலைமையகம். கேமரா பார்க்கிற சுவருக்கு மட்டும் வர்ணம் அடித்திருந்தார்கள். மேசைமேல் விரித்திருந்த வரைபடம் எந்த நாட்டினுடையதும் இல்லை, யாரும் சண்டைக்கு வந்துவிடக் கூடாதென்று தன் இஷ்டத்துக்குக் கடலும் மலையும் வரைந்து வைத்திருந்தார் செட் போடுகிறவர். இடுப்புக்கு மேலேதான் படமெடுப்பார்கள் என்பதால் சட்டையும் பதக்கமும் தொப்பியும் மட்டும் கொடுத்தார்கள். மேசைக்குக் கீழே மாமா வீட்டுக் கால்சட்டையும் ரப்பர் செருப்புமாக உட்கார்ந்திருப்பார். ஊர் முழுக்க அவர் மீசையைத் தெரியும். அந்தக் கோணல் விரல் டிவியில் ஒருநாளும் வந்ததில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். நடிக்கிறவர் முறைத்துக்கொண்டாலோ, தாமதமாக வந்தாலோ, உடம்பு முடியவில்லை என்றாலோ அவர் பாத்திரத்தைக் கொல்ல மாட்டார்கள். செத்தவரைத் தேவைப்படும்போது திரும்பக் கூப்பிட முடியாதே. ரகசியப் பணிக்கு அனுப்பிவிடுவார்கள். கர்னல் குச்சியால் வரைபடத்தைத் தட்டி, "இனிமே அந்த ஆள் எங்க இருக்கார்னு யாரும் கேக்கக் கூடாது" என்பார். மறுநாளிலிருந்து அந்த நடிகர் வீட்டில் இருப்பார். பாத்திரம் உயிரோடு இருக்கும்வரை முடியையோ மீசையையோ மாற்றக் கூடாது, வேறு தொடரில் தலைகாட்டக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு. இப்படி ஒரு மேஜர், இரண்டு கேப்டன்கள், ஒரு டாக்டரம்மா எல்லோரையும் மாமா தன் வாயாலேயே அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்து, இன்றைக்கு யாரை அனுப்பினேன் தெரியுமா என்று சிரிக்கவும் செய்வார். அவர்களுக்கும் குடும்பம் இருக்குமே என்பாள் அக்கா. கதைதானே என்பார் மாமா.

பிறகு அக்காவின் பித்தப்பையில் கல் வந்தது. ஆபரேஷன் சமயத்தில் கூட இருக்க மாமா லீவு கேட்டார். வீட்டம்மாதான் முக்கியம், நிம்மதியாகப் போய்வாருங்கள் என்று இயக்குநர் தேனாகப் பேசி அனுப்பினார். ஆஸ்பத்திரி வார்டில் டிவி இருந்தது. அக்கா தையலோடு படுத்திருக்க, மாமா ஸ்டூலில் உட்கார்ந்து தொடரைப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கதவோரம் துப்பாக்கியோடு வாய் திறக்காமல் நின்ற காவல்காரன், அதிகாரிச் சட்டை போட்டுக்கொண்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குச்சியை எடுத்தான், வரைபடத்தைத் தட்டினான், அந்த வசனத்தைச் சொன்னான். சார் ரகசியப் பணிக்கு நம்ம வார்டுக்குத்தான் வந்திருக்கிறார் என்று ஒரு நர்ஸ் சொல்ல, நோயாளிகள்கூடக் கைதட்டினார்கள். மாமாவும் சிரித்தார். கையிலிருந்த ஜூஸ் டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு வருஷம் ஓடிப்போனது. மீசைக்கு மை, தலைக்குக் கத்தரி, ஃபோனுக்கு சார்ஜ், இவை மட்டும் தவறவில்லை. பழைய கடைக்குப் போய்க் கேட்டார். வருகிறவன் உங்களோடு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவான், குழாய் வாங்க மாட்டான் என்று முதலாளி கையை விரித்தார். வேறொரு கம்பெனி மளிகைக்கடைக்கார அப்பா வேஷத்துக்குக் கூப்பிட்டது, மீசையை எடுக்க வேண்டும் என்றது. மாமா மாட்டேனென்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கால்சட்டைகூடக் கொடுக்காதவன் போட்ட ஒப்பந்தத்துக்கு என்ன மரியாதை என்று கத்தினேன்.

"கர்னல் இன்னும் உயிரோடதான் இருக்கார் மாப்ளே. கூப்புடுவாங்க," என்றார் மாமா.

அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வயிற்றிலிருந்த கல்தான் அவர் பிழைப்பில் போய் விழுந்தது என்று அவளுக்கு நினைப்பு. அவரைத் திரும்பக் கூப்பிட்டால் ஒழிய அவளுக்கு மனசு ஆறாது என்று எனக்குத் தெரியும்.

கூப்பிட்டார்கள். அக்கா தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டுத்தான் எங்களை வழியனுப்பினாள். வேனில் போகும்போது மாமா தொண்டையைச் செருமிச் செருமிக் குரலைச் சரிபார்த்துக்கொண்டே வந்தார்.

போய்ப் பார்த்தால் அவருக்கு வசனமே இல்லை. கர்னல் எதிரி நாட்டில் மாட்டிச் செத்துவிட்டார், உடல் வந்திருக்கிறது. ரகசியப் பணியில் செத்தவரை ராணுவம் ஒத்துக்கொள்ளாதாம். அதனால் அந்தப் பழைய காவல்காரன் குனிந்து பார்த்து, "இந்த ஆள் யாருன்னே எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல வேண்டும். மாமா சரியென்று தலையாட்டிவிட்டு அந்த மேசைமேலேயே ஏறிப் படுத்தார். வரைபடத்தைச் சுருட்டித் தலைக்கு வைத்தார்கள்.

அவன் வசனத்தை முடிப்பதற்குள் மாமாவின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வழிந்தது. விளக்கு கூசுகிறது என்றார் மாமா. விளக்கைத் திருப்பினார்கள், அப்போதும் நிற்கவில்லை. பிணம் அழுதால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று கேமராக்காரர் அலுத்துக்கொண்டார். இயக்குநர் யோசித்து முகத்தைத் துணியால் மூடச் சொன்னார். கால் மட்டும் தெரியட்டும், உருக்கமாக இருக்கும் என்றார். பிறகு கிட்டே வந்து அந்த விரலைப் பார்த்தார்.

"இது என்ன சார், கர்னல் கால் மாதிரியே இல்ல," என்றார்.

முகமே தெரியாதபோது இவர் எதற்கு என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். லைட் தூக்குகிற ஆள் ஒருவரைக் கால் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள். மாமா மேசையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். தான் செத்துக் கிடப்பதைத் தானே ஓரமாக நின்று பார்த்தார். ஒரே டேக்கில் முடிந்துவிட்டது. எனக்கு அந்தக் கிடங்கையே வேனால் இடித்துத் தள்ளலாம் போல இருந்தது.

வேனில் ஏறியதும் மாமா வாயைத் திறந்தார்.

"அக்காகிட்ட சொல்லிடாத. துணிக்குள்ள நான்தான் படுத்திருந்தேன்னே இருக்கட்டும்."

அது ஒளிபரப்பான சாயங்காலம் அக்கா அக்கம்பக்கத்தை எல்லாம் கூட்டி உட்காரவைத்தாள். முன்னால் ஒரு நாற்காலி போட்டு அதில் மாமாவை உட்காரச் சொன்னாள். திரையில் வெள்ளைத் துணி வந்தது. துணிக்கு வெளியே இரண்டு கால்கள், பத்து விரலும் நேராக, நகமெல்லாம் பளிச்சென்று. எதிர்வீட்டம்மா விசும்பினாள்.

அக்கா திரையைப் பார்த்தாள். நாற்காலிக்குக் கீழே இருந்த காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதிர்வீட்டம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இவ்வளவு நேரம் அசையாமல் எப்படித்தான் கிடந்தீர்களோ என்று மாமாவிடம் கேட்டாள். மாமா பதில் தேடுவதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"அவருக்கு அதெல்லாம் பழக்கந்தான். ரெண்டு வருஷமா அப்படித்தானே கெடக்குறார்."

சொல்லிக்கொண்டே, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கால்மேல் போட்டாள்.