அறந்தாங்கியில் அப்ளிகேஷன் போட வந்தவர்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு ஊரில் மிட்டாய்க் கடைக்காரருக்கு அடுத்தபடியாகக் கூட்டம் பார்ப்பது நெட் சென்டர் வைத்திருப்பவர்தான். மிட்டாய்க் கடையில் சிரித்துக்கொண்டே நின்றவர்கள் எங்களிடம் வரும்போது கையைப் பிசைந்துகொண்டு வருவார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பதினோரு வருஷம் அந்தத் தொழிலைச் செய்தேன். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுவது, ஃபீஸ் கட்டுவது, ஹால் டிக்கெட் எடுப்பது, ரிசல்ட் பார்ப்பது எல்லாம் நடக்கும். இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் அப்ளிகேஷன் போட்டுவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனாலும் மே மாதம் பிறந்தால் எனக்குக் கை பரபரக்கிறது. நாற்பது நிமிஷம் பார்த்துப் பார்த்து நிரப்பிய பக்கம் கண்ணெதிரே வெள்ளையாகப் போய், மறுபடி முதலிலிருந்து பெயர் கேட்டதைப் பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குவைத்திலிருந்து ஆறு எண்கள்

ஷாஹினா என்று ஒரு பெண், அம்மாவோடு வந்தாள். பி.எஸ்ஸி.க்கு அப்ளிகேஷன். செல் நம்பர் கேட்டதும் அம்மா சட்டென்று ஒரு நம்பர் சொன்னார். அது குவைத்தில் டிரைவராக இருக்கும் அவர் கணவருடைய நம்பர் என்பது, ஓ.டி.பி. அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. “எங்க வீட்ல எதுக்கும் குடுக்கறது அந்த நம்பர்தானுங்களே” என்றார். ஓ.டி.பி.க்குப் பத்து நிமிஷம்தான் ஆயுசு. ரெண்டு தடவை அனுப்பி ரெண்டும் காலாவதி ஆனது. மனுஷர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவரே கூப்பிட்டார். மகள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஒவ்வொரு எண்ணாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். போட்டேன், பச்சை டிக் வந்தது. “வந்துருச்சு வாப்பா” என்று சொல்லிவிட்டு அவள் கட் பண்ணப் போனாள். அவர் விடவில்லை. என்ன படிப்பு, எந்த ஊர், காலேஜுக்கு எத்தனை பஸ் மாறணும் என்று வரிசையாகக் கேட்டார். மகள் பிறந்ததிலிருந்து அவர் ஊரில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ரெண்டு வருஷம் வராது என்று அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதற்குள் ஸ்பீக்கரில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், இன்னொரு ஓ.டி.பி. எதுவும் வருமா? வந்தாச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

ஐம்பது கே.பி.

போட்டோ ஐம்பது கே.பி.க்குள் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொல்லும். ஸ்டூடியோக்காரர் கொடுத்ததோ அதைப்போல நூறு மடங்கு இருக்கும். ஒரு பையனின் போட்டோவைச் சுருக்கிச் சுருக்கிப் போட்டுப் பார்க்கிறேன், சைட் ஏற்க மாட்டேன் என்கிறது. ஐந்தாவது தடவை சுருக்கும்போது முகம் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“இதுக்கு மேல சின்னதாக்காதீங்க தாயி, இப்பத்தான் கொஞ்சம் வளந்து வந்திருக்கான்.”

ஜெகதாப்பட்டினத்து அப்பாவும் மகனும்

அப்பா விசைப்படகில் போகிறவர். மகன் கார்த்திக், நல்ல மார்க். இன்ஜினியரிங்குக்குப் போட வேண்டும் என்று அப்பா முடிவோடு வந்திருந்தார். “கடல் தெரியாத ஊரா பாத்துப் போடுங்க மேடம்” என்றார் முதல் வார்த்தையிலேயே. அவர் தம்பி எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, மாசக்கணக்கில் அக்கரை ஜெயிலில் இருந்து வந்தவர். அதைச் சொல்லும்போது அவர் மகனைப் பார்க்காமல் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துச் சொன்னார்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் பையன் என் பக்கமாக நாற்காலியை நகர்த்தினான். “அக்கா, மீன்வளப் படிப்புக்கும் ஒண்ணு போட்டுருங்க. நான் அதுக்குத்தான் போகணும்னு இருக்கேன். அப்பாட்ட சொல்லாதீங்க” என்றான். அதற்கான பணத்தைத் தனியாக மடித்து வைத்திருந்தான். போட்டேன். ஆனால் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று பேப்பர் வந்தது. அப்பா திரும்பி வந்தார். கையெழுத்துப் போடும் முன்னால், “கண்ணாடி கொண்டாரல. எதுக்கெல்லாம் போட்டிருக்கு, வாசிங்க” என்றார். பையன் என்னையே பார்க்கிறான். ஒன்றை விட்டுவிட்டு வாசித்திருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் கண்ணாடி இல்லாதவரிடம் அப்படிச் செய்ய எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் வாசித்தேன்.

அவர் மகன் பக்கம் திரும்பினார். “கடலுக்குப் போறதுக்கு எதுக்குடா காலேஜு?” என்று கேட்டார். “போறதுக்கு இல்லப்பா. ஏன் மீனு கொறையுது, எங்க போகுதுன்னு படிக்க. தெரிஞ்சா அம்புட்டு தூரம் போக வேண்டாம்ல, சித்தப்பா மாதிரி” என்றான். அப்பா பேனாவை வாங்கி, எல்லாப் பேப்பரிலும் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். எழுந்தவர் என்னிடம் சொன்னார்:

“நல்லாப் படிக்கச் சொல்லுங்க மேடம். மீன் பரீட்சையில எம்மகன் பெயிலுன்னா நான் ஜெகதாப்பட்டினத்துல தலகாட்ட முடியாது.”

என் தவறு

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். குமரேசன் என்ற பையன் ஜியாலஜி கேட்டான். பாறை, கல் என்றால் அவனுக்கு உயிர். சட்டைப் பையில் கூட ரெண்டு கல் வைத்திருந்தான். அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லை. பட்டியலில் ஜியாகிராஃபியும் ஜியாலஜியும் மேலும் கீழுமாக இருக்கும். என் விரல் ஒரு வரி மேலே அழுத்திவிட்டது. அவனுக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்; அவனும் பார்க்கவில்லை. சீட்டு வந்தபோதுதான் தெரிந்தது. ஜியாலஜி நிரம்பிவிட்டது.

நானே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் அம்மா தெருவே கேட்கத் திட்டினார். திட்டியதில் ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. அவன் உள்ளே போய்விட்டான். வேறு வழியில்லாமல் ஜியாகிராஃபியிலேயே சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். அந்த மூன்று வருஷமும் என் கடையைத் தாண்டிப் போகும்போது எதிர்ச் சாரியில் நடப்பான். நானும் கூப்பிடத் துணியவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும், கூட்டம் எவ்வளவு இருந்தாலும், கடைசிப் பக்கத்தை அவர்களையே சத்தமாக வாசிக்கவிட்டுத்தான் சப்மிட் அழுத்துவேன்.

மூன்றாவது வருஷக் கடைசியில் ஒருநாள் படியேறி வந்து எதிரே உட்கார்ந்தான். எம்.எஸ்ஸி. ஜியாகிராஃபிக்கு விண்ணப்பம். மேப் போடுவதில் அவன்தான் டிபார்ட்மெண்ட்டில் முதல் ஆளாம். எனக்குக் கண் கலங்கி, கீபோர்டு தெரியவில்லை. நீயே போட்டுக்கோ தம்பி என்று நகர்ந்தேன்.

“நீங்களே போடுங்கக்கா. ஆனா நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன்.”

ஐந்தாம் தடவை

செமஸ்டர் ரிசல்ட் என்றால் கடையில் வேறு வேலை நடக்காது. ஒரே நம்பரைப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். செந்தில் என்ற பையன் படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டான். கணக்குப் பேப்பர் ஒன்று மட்டும் விடாமல் நின்றது. ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு, பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போய் எழுதிவிட்டு வருவான். அவனோடு படித்தவர்களெல்லாம் போன பிறகும், தெரியாத ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுதினான். ஐந்தாவது தடவை ரிசல்ட் வந்தது. பாஸ். கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எதிர்க்கடைக்காரர் டீ அனுப்பினார். செந்தில் மட்டும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். என்னப்பா என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லக்கா. ஒவ்வொரு தடவையும் அந்த வாட்ச்மேன் அண்ணன் எனக்காக முன் பெஞ்ச தொடச்சு வப்பாரு, பாஸ் பண்ணிட்டேன்னு அவர்ட்ட யாரு சொல்லுவா?”

ஐந்து மணிக்குள்

நந்தினிக்கு ஹாஸ்டலோடு இடம் கிடைத்திருந்தது. ஃபீஸ் கட்டக் கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும். அவள் அம்மா ரெண்டு கறவை மாட்டை விற்ற பணத்தை பேங்க்கில் போட்டுவிட்டு, அந்தக் கார்டோடு வந்தார். மதியம் மூணு மணிக்குக் கட்டினேன். பணம் போய்விட்டது என்று அம்மாவின் போனில் மெசேஜ் வந்தது. பல்கலைக்கழக சைட்டோ ‘பெண்டிங்’ என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதில் ஒரு பிள்ளையின் நாலு வருஷமும் ரெண்டு மாடும் சேர்ந்து சுற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சைட்டில் இருந்த பல்கலைக்கழக நம்பர் எல்லாவற்றுக்கும் போன் போட்டேன். எடுக்கவில்லை, அல்லது எடுத்து வேறு நம்பர் கொடுத்தார்கள். நந்தினி அழவில்லை; நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலே முக்காலுக்கு அந்த ஆபீஸில் ஒரு அம்மாள் எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல். “இங்கயும் அதேதாங்க சுத்துது. நாங்களும் ஒங்கள மாதிரி பாத்துக்கிட்டுதான் இருக்கோம்” என்றார். பிறகு பொறுமையாகப் பெயரும் விண்ணப்ப எண்ணும் கேட்டு எழுதிக்கொண்டார். பேங்க் மெசேஜைப் படம் எடுத்து மெயில் அனுப்பச் சொன்னார். மறுநாள் காலையில் சைட்டில் சீட்டு உறுதியானது. அந்த அம்மாளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. போனை வைக்கும் முன்னால் அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

“பேப்பர்ல எழுதி வச்சுட்டேன். கம்ப்யூட்டர் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்னு அந்தப் பிள்ளகிட்ட சொல்லுங்க.”

மகளை அனுப்பிவிட்டு வந்தவர்

மல்லிகா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் வேலை பார்த்தார். மகளுக்கு அப்ளிகேஷன் போட மூன்று தடவை வந்தார். மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு நாலாவது தடவை தனியாக வந்தார். மற்றவர்கள் எல்லாரும் போகட்டும் என்று சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கடை காலியானதும் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே அவருடைய ப்ளஸ் டூ மார்க் ஷீட். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. தமிழில் நல்ல மார்க். ரிசல்ட் வந்த மாசமே கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்களாம். “அந்தப் பெரிய கட்டடத்தெல்லாம் அவளோட போயி பாத்தேன் தாயி. லைப்ரரின்னு ஒண்ணு காட்டுனா. உள்ள விடமாட்டாங்கன்னு வாசல்லயே நின்னுட்டேன். தபால்ல படிக்கலாம்னு சொல்றாங்களே, அது என்னய மாதிரி ஆளுக்கெல்லாம் குடுப்பாங்களா?” என்றார்.

குடுப்பார்கள் என்று சொல்லி, பி.ஏ. தமிழுக்குப் போட ஆரம்பித்தேன். பிறந்த தேதி, அப்பா பெயர், வருமானம் என்று ஒவ்வொன்றுக்கும் பரீட்சை ஹாலில் பதில் சொல்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஃபீஸ் கட்டின ரசீதைக் காட்டித்தான் சொல்லப் போவதாகச் சொன்னார். அதற்கப்புறம் வேண்டாம் என்று சொல்ல மாட்டாராம். சப்மிட் அழுத்தப் போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தாயி, ஹாஸ்டல் வேணுமான்னு ஒரு கட்டம் வந்தா டிக் அடிச்சிராதீங்க, நானும் போயிட்டா வீட்ல சமைக்க ஆளில்ல.”

பி.ஏ.வில் தொடங்கி இன்ஜினியரிங் வரைக்கும் பல்கலைக்கழகத்தில் இல்லாத படிப்பில்லை, அத்தனைக்கும் விண்ணப்பம் போட்டவள் நான். ஒரு குறையும் இல்லை, என் பெயருக்கு ஒன்று போட்டுப் பார்க்க மட்டும் பதினோரு வருஷத்தில் கூட்டம் குறையவே இல்லை.